பாகு பார்க்கும் விரல்

"கையைக் கழுவுனீங்களா" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள் ஆவுடைத்தங்கம். கழுவினேன் என்றான் கோமதிநாயகம். நகத்துக்குள்ள என்றாள். அதையும்தான் என்றான். பெண்டாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பை உதறிவிட்டு மறுபடி உள்ளே வந்து, அவன் வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தாள். "வாடை போகலியே. எலுமிச்சம்பழத்தைப் போட்டு இன்னொரு தரம் தேச்சிருங்க. கிண்ணத்துல உள்ளது அளந்து வெச்சது, ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது. துப்புனா வழிச்சு ஊட்டுங்க. மூக்குல அடிக்கிற மருந்து சாமி படத்துக்குக் கீழ இருக்கு, வலிப்பு அஞ்சு நிமிஷத்தைத் தாண்டுனாத்தான் அடிக்கணும்." இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னவள் படியிறங்கி நின்று, திரும்பிப் பார்க்காமலே இன்னொன்றும் சொன்னாள். "அவ மேல கை வெச்சிராதீங்க." கழுகுமலையில் அவளுடைய சித்தி இறந்துவிட்டாள். தாயில்லாத ஆவுடைத்தங்கத்தை எடுத்து வளர்த்த சித்தி, போகாமல் முடியாது. இல்லையென்றால் மகளை இவனிடம் தனியாக விட்டுவிட்டுத் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள். புறவாசல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மாற்றுச் சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். துஷ்டி வீட்டுக்குப் போய் வருகிறவள் தலைக்கு ஊற்றாமல் வீட்டுப்படி மிதிக்க மாட்டாள், அதிலும் பிள்ளை இப்படிக் கிடக்கிற வீட்டில். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள், அதுவரைக்கும் அவனும் மகளும்தான். கை வெச்சிராதீங்க. என்ன சொல்லிவிட்டுப் போகிறாள். பிள்ளையை அவன் ஒருநாளும் அடித்ததில்லை. அவனுக்கு அடிக்கக் கை நீளும் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் பட்டறையும் தெருவும்தான். முனி அடிச்ச பிள்ளைன்னு எவனோ சொன்னான் என்று விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது உண்மை, ஆஸ்பத்திரிச் சுவரில் குத்திக் கைமுட்டி பெயர்ந்ததும் உண்மை. ஆனால் பிள்ளையை? அவன் குழாயைத் திறந்தான்.

எலுமிச்சம்பழத் தோலை நகக்கண்ணுக்குள் அழுத்தித் தேய்த்தான். எரிந்தது, எரியட்டும் என்று இன்னும் அழுத்தினான். கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுகிறவன் கை எந்தக் காலத்தில் வெளுத்தது. கொப்பரையில் வெல்லம் கொதித்து, நுரை அடங்கி, நிறம் மாறுகிற சமயத்தில் விரலைத் தண்ணீரில் முக்கிப் பாகை ஒரு தொடு தொட்டு, மறுபடி தண்ணீருக்குள் விட்டு உருட்ட வேண்டும், அந்த உருண்டையைக் கல்லில் போட்டால் டக்கென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் கடலையைக் கொட்டலாம். ஒரு மூச்சு முந்தினால் பல்லில் ஒட்டும், ஒரு மூச்சு பிந்தினால் கசக்கும். வலது கை ஆட்காட்டி விரல்தான் அவனுக்குச் சோறு. கொதிக்கிற பாகு வெந்நீர் மாதிரி வழிந்து போகிற சாதி கிடையாது, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்று வேகவைக்கும், பிய்த்தால் தோலோடுதான் வரும். முழங்கை வரைக்கும் அவனுக்குத் தழும்பு. ஒவ்வொரு தழும்புக்கும் மகள் சண்மதி பெயர் வைத்திருந்தாள், இது ஆமை, இது இட்லி, இது எங்க கணக்கு டீச்சர். சாயங்காலம் அவன் படியேறியதும் ஓடிவந்து இந்த விரலைத்தான் பிடிப்பாள், அப்பா என்று சொல்வதற்கு முந்தி பாகு இருக்கா என்று கேட்பாள், நகத்தோரம் ஒட்டியிருப்பதை நக்கிவிட்டுத்தான் மறுவேலை. இப்போது வீட்டில் சீனி கிடையாது, வெல்லம் கிடையாது, பழம் கிடையாது. பல் தேய்க்கிற பசையைக்கூட டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைத்தான் வாங்க வேண்டும். இனிப்பான காய்ச்சல் மருந்து ஆகாது, மாத்திரையைப் பொடித்துத்தான். அவன் பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறான், ஏதோ கொலை செய்துவிட்டு வருகிறவன் போல. ஊருக்கெல்லாம் இனிப்புக் காய்ச்சுகிறவன் பெற்ற பிள்ளைக்கு இனிப்பு விஷம். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவன் எவனோ அவன் எதிரே வரட்டும், கொப்பரையோடு தூக்கி அவன் தலையில் கவிழ்க்கிறேன் என்று கோமதிநாயகம் அடுப்படிச் சுவரைப் பார்த்து வாய்விட்டே சொன்னான்.

சண்மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதுகூடச் சரியில்லை, இரண்டு பக்கமும் தலையணையை முட்டுக் கொடுத்து ஆவுடைத்தங்கம் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள். தலையில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் போடுகிற தொப்பி, விழுந்தால் மண்டை உடையாமல் இருக்க. கண் திறந்திருந்தது, அந்தக் கண்ணில் அவன் இல்லை. எதிரே போய் உட்கார்ந்தான், அப்போதும் இல்லை. கிண்ணத்தில் வெண்ணெயும் தேங்காயெண்ணெயும் முட்டையும் துளி கீரையும் சேர்த்துப் பிசைந்த உருண்டைகள் மினுமினுத்துக்கொண்டிருந்தன. இதுவா சோறு. கொழுப்பு, முழுக்க முழுக்கக் கொழுப்பு. இதைத்தான் மூன்று வேளையும் தின்ன வேண்டும், இதைத் தின்றால்தான் வலிப்பு அடங்குகிறது, துளி இனிப்பு சேர்ந்தாலும் மறுபடி வந்துவிடும், அது என்ன கணக்கோ. மருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தோற்றுப்போன பிறகு டாக்டரம்மா கடைசியாக இந்தக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். தோற்காமல் என்ன செய்யும், எத்தனை மருந்து. மாத்திரை, ஊசி, ராத்திரி பகலாகச் சொட்டிக்கொண்டிருந்த பாட்டில், எல்லாவற்றையும் மீறிக்கொண்டு அது வந்தது. ஒரு கட்டத்தில், "மூளையையே தூங்க வெச்சிருக்கோம்யா, கொஞ்சநாள் கிடக்கட்டும்" என்றாள். வாயில் குழாயோடு, மூச்சையும் யந்திரம் விட்டுக்கொடுக்க, அவன் பிள்ளை மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. தூக்க மருந்தைக் கொஞ்சம் குறைத்தார்களோ இல்லையோ உடனே இடது கண்ணிமை துடிக்கும், உதடு துடிக்கும், அப்புறம் கட்டிலே அதிரும். மறுபடி மருந்தைக் கூட்டுவார்கள். பாகு பொங்கினால் விறகை வெளியே இழுத்துப் போடுகிற மாதிரிதான். ஆனால் விறகையெல்லாம் இழுத்துப் போட்ட பிறகும் பொங்குகிற கொப்பரையை அவன் கண்டதில்லை. எல்லாம் எதற்கு, ஒரு காய்ச்சலுக்கு. சாதாரணக் காய்ச்சல். எல்லாப் பிள்ளைக்கும் வந்தது, சளியும் இருமலுமாக வந்து மாத்திரையில் விட்டுப் போனது. பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போக ஆரம்பித்துவிட்டாள். காய்ச்சல் போகும்போது உள்ளே எதையோ கிளறிவிட்டுப் போய்விட்டது, அது எதுவென்று எங்களுக்கே முழுசாத் தெரியாது என்று அவ்வளவு படித்த டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள். தெரியாதாம். அந்த நிமிஷம் அவளையும் அடித்திருப்பான், அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததால் சுவரை அடித்தான்.

கரண்டியில் எடுத்த முதல் உருண்டை உதட்டைத் தொட்டதும் சண்மதி வாயை இறுக்கினாள். "ஆ காட்டு தாயி. கொஞ்சூண்டு. அம்மா வந்தா வைவா பாரு." காட்டவில்லை. கன்னத்தை லேசாக அழுத்தி உள்ளே தள்ளினான், நாக்கால் வெளியே தள்ளினாள். வழித்து மறுபடி தள்ளினான். எண்ணெய் தாடையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. மறுபடி, மறுபடியும் வெளியே. முன்பல் வரிசையில் பாதியில் நின்றுபோன அந்தப் பல் தெரிந்தது. தெரியக் கூடாது என்றுதான் அவன் எப்போதும் நெற்றியையே பார்ப்பான், ஊட்டுகிறவன் வாயைப் பார்க்காமல் எங்கே பார்க்க. அன்றைக்கு அவள் பள்ளிக்கூடச் சட்டையோடு இதே கூடத்தில் நின்றிருந்தாள், யாரோ கூப்பிட்டது போலக் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தாள், பார்த்தபடியே கட்டையாக விழுந்தாள். கை முறுக்கிக்கொண்டது, கால் தரையை உதைத்தது, குதிகால் தோல் உரிந்து ரத்தம் வந்தது, வாயில் நுரை. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பிள்ளையின் கைக்குள் திணித்தாள். "வெட்டு வந்துட்டு, இரும்பைப் பிடிக்க விடு. நாக்கைக் கடிச்சுத் துண்டாக்கிருவா, பாத்துக்கிட்டு நிக்கியே, கரண்டியை விட்டு நெம்பு." நெம்பினான். வெண்கலக் கரண்டியின் காம்பைப் பல்லுக்கிடையில் கொடுத்து, தன் பலம் எவ்வளவோ அவ்வளவையும் கொடுத்து நெம்பினான். டக்கென்று ஒரு சத்தம். பதம் வந்த பாகு கல்லில் விழுகிற அதே சத்தம். அந்த வருஷந்தான் பால்பல் விழுந்து முளைத்த பல். நல்லவேளை நாக்கைக் காப்பாத்திட்டே என்று பாக்கியத்தக்கா அவன் முதுகில் தட்டிக் கொடுத்தாள், கூடி நின்ற தெருவும் ஆமாம் என்றது. மதுரையில்தான் கேட்டார்கள், வாயை யாருய்யா நெம்புனது, நாக்கை யாரும் முழுங்குறதில்லை, வாயில எதையும் விடக் கூடாது, ஒருச்சாய்ச்சுப் படுக்கவெச்சுட்டு விலகி நிக்கணும், அவ்வளவுதான் நீங்க செய்ய முடியும். விலகி நிக்கணுமாம். பெற்ற பிள்ளையை ஏதோ ஒன்று தூக்கித் தரையில் அறைகிறது, அப்பன்காரன் விலகி நிக்கணும். பட்டறையில் இப்போதும் உருண்டையைக் கல்லில் போடும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கிண்ணம் குறையவில்லை. அரைமணியோ ஒருமணியோ போயிருக்கும், தரையிலும் துண்டிலும் அவள் கழுத்திலும் அவன் வேட்டியிலும் வெண்ணெய். சோறு உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வந்துகொண்டிருந்த வலிப்பு நின்று, இப்போது ஒரு வாரமாக ஒன்றுகூட வரவில்லை. ஒரு வாரம். ஆவுடைத்தங்கம் அதை வெளியே சொல்லக்கூடப் பயந்து, விரலை மட்டும் மடக்கிக் காட்டுவாள். அந்த ஒரு வாரம் இந்தக் கிண்ணத்தில் இருக்கிறது, இதை இவள் துப்புகிறாள். "முழுங்குட்டி" என்றான். "முழுங்கு. முழுங்குதியா இல்லியா." குரல் அவன் குரலாக இல்லை. இடது கையால் தாடையைப் பிடித்தான். சின்னத் தாடை, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. மூக்கைப் பொத்தினால் வாய் திறக்கும். ஆட்டுக்குட்டிக்கு மருந்து ஊட்டுகிறவன் அப்படித்தானே செய்கிறான். பொத்தினால் திறக்கும், திறந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்துவிடலாம். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கழுத்து. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இவளுக்கும் விடுதலை, ஆவுடைக்கும் விடுதலை, அந்த யந்திரம் வேண்டாம், கிண்ணம் வேண்டாம், தொப்பி வேண்டாம். நினைத்துவிட்டான். யார் நினைத்தது என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறவன் போல ஒரு கணம் திகைத்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் கைதான் பிள்ளையின் தாடையில் இருந்தது, கட்டைவிரல் அழுந்திய இடம் வெளுத்திருந்தது. கை வெச்சிராதீங்க என்று அவள் சும்மா சொல்லவில்லை, இவனை இவனுக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கையை எடுத்தான்.

அப்போதுதான் சண்மதியின் மூக்கு விடைத்தது. ஒரு தரம், இன்னொரு தரம். விலகிப் போகிற கையோடு முகம் திரும்பியது. எத்தனை மாதமாக எதன் பின்னாலும் திரும்பாத முகம். அவன் வலது கையை நீட்டினான். எலுமிச்சைக்கும் சோப்புக்கும் அடியில் எங்கேயோ கிடந்த வெல்ல வாடை அவளுக்கு எட்டிவிட்டது போலிருக்கிறது. உதடு பிரிந்தது. செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டே ஆட்காட்டி விரலை அவள் மூக்குக்குக் கீழே நிறுத்திக்கொண்டு, வாய் திறந்த நேரம் பார்த்து ஒரு சிறு உருண்டையைத் தள்ளினான். முழுங்கினாள். இன்னொன்று. முழுங்கினாள். பெற்ற பிள்ளையை வாடை காட்டி ஏமாற்றுகிறோம் என்று வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தோடு மூன்றாவதையும் தள்ளினான். அவள் தலையை முன்னால் நீட்டி அந்த விரலையே கவ்விக்கொண்டாள். நாக்கு நகத்தோரம் தேடியது. இழுத்துவிடு என்று ஒரு மனசு சொன்னது, இன்னொரு மனசு பாகு இருக்கா பாகு இருக்கா என்று பழைய குரலில் கேட்டுக்கொண்டிருந்தது, இரண்டுக்கும் நடுவில் அவன் இருந்தபோது அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது, கண் மேலே போனது, பல் இறங்கியது.

வலி தோள்பட்டை வரைக்கும் ஏறியது. இழுத்தால் பல்லோடுதான் வரும். நெம்பலாம், கரண்டி பக்கத்திலேயே கிடக்கிறது, கைக்கு எட்டுகிற தூரம். அதே வெண்கலக் கரண்டி இல்லை, அதை அவன் அன்றைக்கே கிணற்றில் போட்டுவிட்டான், இது வேறு, ஆனாலும் கரண்டிதான். அவன் கரண்டியைக் காலால் எட்டித் தள்ளினான். இடது கையால் பிள்ளையை மெல்ல ஒருச்சாய்த்துப் படுக்க வைத்தான், கூடவே அவனும் தரையில் படுத்தான், விரலை அவள் வாயில் விட்டபடியே. கைகால் வெட்டியது, தொப்பி தரையில் மோதியது, முழங்கால் அவன் வயிற்றில் உதைத்தது. கடி. கடித்துக்கோ தாயி. ஒவ்வொரு வெட்டுக்கும் பல் இன்னும் இறங்கியது, எலும்பில் உரசுவது அவனுக்குத் தலைக்குள் கேட்டது. பாகு பார்க்கிற விரல். போனால் போகட்டும், பொட்டலம் மடிக்க ஒன்பது விரல் போதும். தொட்டுத் தொட்டு வெந்த விரல்தானே, இதற்கு என்ன புதுசாக வலிக்கிறது. சாமி படத்துக்குக் கீழே இருந்த மருந்து எட்டவில்லை, மூலைப் பலகையைக் காலால் உதைத்து விழவைத்தான், முருகன் கண்ணாடி உடைந்து சிதறினான், மருந்துக் குப்பி உருண்டு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. ரத்தம் அவள் உதட்டோரம் வழிந்தது, அது தன்னுடையதுதான் என்பதில் அவனுக்கு ஒரு வெறி பிடித்த சந்தோஷம். அப்புறம் ஒரு பயம் வந்தது, ரத்தத்திலும் சர்க்கரை உண்டாமே, அது உள்ளே போனால்? இப்படியெல்லாமா ஒரு மனுஷன் பயப்படுவான். குப்பியின் மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினான். துப்பிய நேரம் வெட்டு தளர்ந்தது. ஒரு பெருமூச்சு. தாடை விட்டுக்கொடுத்தது.

வலிப்பு வராமல் இருந்த அந்த ஒரு வாரம் போய்விட்டது. அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. அவன் அழவில்லை, துண்டைக் கிழித்து விரலைச் சுற்றிக்கொண்டு அவள் வாயைத் துடைத்தான், கண்ணாடிச் சில்லைக் கூட்டி ஒதுக்கினான், கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தான், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழுசாக விழிக்கும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஆவுடைத்தங்கத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்தான், உருண்டையைச் சொல்வதா, விரலைச் சொல்வதா, தாடையைப் பிடித்ததைச் சொல்வதா, அதற்கு மேலே நினைத்ததைச் சொல்வதா. வெயில் கூடத்தின் பாதிக்கு வந்துவிட்டது. சண்மதி கண் திறந்தாள். தண்ணீர் கொடுத்தான், குடித்தாள். சாய்த்து உட்கார வைத்தான். அவள் பார்வை அங்கேயும் இங்கேயும் அலைந்து, துணி சுற்றிய அவன் விரலில் வந்து நின்றது. நின்றேவிட்டது. அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பார்வை தோளைச் சுற்றிக்கொண்டு பின்னால் தேடியது.

"தா" என்றாள்.

அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியது. மதுரைக்குப் போன நாளிலிருந்து அவள் வாயில் ஒரு சொல் இல்லை. "தா" என்றாள் மறுபடியும், கோபத்தோடு. "இல்ல தாயி. அது ஆகாது. அது உனக்கு ஆகாதுத்தா" என்றான். அவள் கை மேலே எழும்பியது. வலிப்பில் எழும்புகிற கையை அவனுக்குத் தெரியும், அது தன்னிஷ்டத்துக்கு எழும்பாது. இது எழும்பி, காற்றில் ஒரு கணம் நின்று, குறி பார்த்து, அவன் கன்னத்தில் விழுந்தது. பளீர் என்று விழுந்தது. கோமதிநாயகம் வாயைப் பிளந்தான். இன்னொன்று விழுந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கிச் சிரிப்பாக வந்தது, கன்னத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினான், அடி என்றான், அப்பனை அடி, நல்லா அடி. கத்திக்கொண்டு அடித்தாள், கத்த வாய் திறந்தது, திறந்த வாயில் ஒரு உருண்டையை வைத்தான். கோபத்தில் துப்ப மறந்து முழுங்கினாள், முழுங்கியதற்கும் சேர்த்து அடித்தாள். ஒரு அடி, ஒரு உருண்டை. கிண்ணம் குறைந்துகொண்டே வந்தது. ஆத்திரத்தில் அவளுடைய கண் நிறையத் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் அவன் இருந்தான்.

புறவாசல் கதவு கிறீச்சிட்டது. தொட்டியில் செம்பு முங்குகிற சத்தம் கேட்டது, பாதியில் நின்றது. உள்ளே பளீர் பளீர் என்று அடி விழுவதையும் பிள்ளை கத்துவதையும் கேட்டு நின்றிருக்கிறாள். செம்பு கல்லில் விழுந்து உருண்டது. "அடப்பாவி, பிள்ளையை அடிக்காதீங்க, உங்களைக் கும்பிடுதேன் அடிக்காதீங்க" என்று அலறிக்கொண்டு, தலைக்கு ஊற்றாமல், துஷ்டி வீட்டுச் சேலையோடு, விரித்த தலையோடு ஆவுடைத்தங்கம் படியைத் தாண்டி ஓடிவந்தாள், கூடத்து வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வீங்கிய முகத்தை அவள் பக்கம் திருப்பாமலே கோமதிநாயகம் கடைசி உருண்டையைக் கரண்டியில் எடுத்தான்.

"நான் இல்ல ஆவுடை" என்றான். "அவ."

அடுத்த அடி விழுந்தது.